ஒரு வீடும் விடுபடாத ஊர்

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, கிராமப் பணியில் நாள்தோறும் ஈடுபட்டிருக்கும் இளைய நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

கிராமப்புற ஏழை மக்களின் நிலைத்த வளர்ச்சியில் தொண்டு நிறுவனங்களின் பங்கு என்பது எனக்குத் தரப்பட்டுள்ள பொருள். இதைப் பொதுவாகப் பேசப் புகுந்தால் நல்ல சொற்களை அடுக்கிவிட்டு இறங்கத்தான் முடியும். ஆகவே ஒரே ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டு, அது ஊர்களின் முன் வைத்த ஒரே ஒரு நிபந்தனையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்தில் வேரூன்றிய கிராம் விகாஸ்தான் அந்த நிறுவனம். ஊரில் உள்ள எல்லாக் குடும்பங்களும் சேர்ந்தால்தான் வேலை தொடங்கும், ஒரு குடும்பம் விலகி நின்றாலும் தொடங்காது என்பதுதான் அந்த நிபந்தனை.

இதன் தொடக்கத்தில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1971-ஆம் ஆண்டு கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் திரண்டு வந்தபோது, சென்னையில் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் சுமார் 400 பேர் ஜோ மடியத் என்ற மாணவர் தலைவருடன் நிவாரண முகாம்களில் பணியாற்றச் சென்றார்கள். அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கியதும் அவர்களில் ஒரு சிறு குழு அங்கே போயிற்று. அவர்களுள் சிலர் ஊர் திரும்பாமல் ஒடிசாவிலேயே தங்கிவிட்டார்கள். பின்னர் கஞ்சாம் மாவட்டத்துப் பழங்குடி மக்களிடையே பால் உற்பத்தித் திட்டம் ஒன்றை நடத்த அழைக்கப்பட்டுச் சென்றபோது, அந்தத் திட்டம் அம்மக்களின் வாழ்க்கைக்குப் பொருந்தாதது என்பதையும், அவர்களை வாட்டுவது கந்துவட்டியும் சாராய வியாபாரிகளிடம் அடகில் மூழ்கிய நிலமுமே என்பதையும் கண்டுகொண்டார்கள். கொண்டுவந்த திட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, மக்கள் காட்டிய துன்பத்தின் பக்கம் திரும்பினார்கள். 1979 ஜனவரியில் கிராம் விகாஸ் முறையாகப் பதிவு செய்யப்பட்டது. ஒரு நிறுவனத்தின் இயல்பை அது பெற்ற வெற்றிகளைவிட, அது கைவிடத் துணிந்த திட்டங்களே எனக்குத் தெளிவாகக் காட்டுகின்றன.

1983-ஆம் ஆண்டிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் சாண எரிவாயுக் கலன்கள் அமைக்கும் பணியில் அது இறங்கி, 54,000 கலன்களுக்கு மேல் கட்டி முடித்தது. ஆயினும் கலன் வைக்க மாடு வேண்டும், மாடு வைத்திருக்கக் கொஞ்சமேனும் வசதி வேண்டும். மாடில்லாத வீட்டுக்கு அந்தத் திட்டத்தால் எதுவும் கிடைக்கவில்லை. எண்ணிக்கை எவ்வளவு பெரிதானாலும், ஊரின் கடைசி வீட்டைத் தொடாத வேலை அது என்ற உணர்வுதான் அடுத்த கட்டத்துக்கு வித்திட்டது என்று நான் கருதுகிறேன். கிராமங்களில் நோய் ஏன் ஓயவில்லை என்று அவர்கள் ஆராய்ந்தபோது, பெரும்பாலான நோய்களுக்கு அசுத்தமான குடிநீரே காரணம் என்று தெரிந்தது. அந்தத் தண்ணீர் அசுத்தமாவதற்கோ வெட்டவெளியில் மலம் கழிப்பதே முதற்காரணமாக இருந்தது. 1992-இல் குடிநீரும் கழிப்பறையும் இணைந்த திட்டம் ஐந்து கிராமங்களில் வெள்ளோட்டமாகத் தொடங்கியது.

இங்கேதான் அந்த நிபந்தனை வருகிறது. இதைப் பலர் அன்பின் வெளிப்பாடாக, எல்லோரையும் அரவணைக்கும் பெருந்தன்மையாகப் பேசக் கேட்டிருக்கிறேன். அப்படிப் பார்ப்பது அதன் வலிமையைக் குறைப்பதாகும். நூறு வீடுகள் உள்ள ஊரில் தொண்ணூறு வீட்டார் கழிப்பறைக்குப் போய், பத்து வீட்டார் குளக்கரைக்குப் போனால், மழை பெய்யும்போது அந்தப் பத்து வீட்டின் கழிவு நூறு வீட்டின் தண்ணீரிலும் கலக்கும். கோயில் திருப்பணியில் பாதிப் பேர் சேராவிட்டாலும் கோபுரம் எழும்பிவிடும்; ஊர்ச் சுகாதாரம் அப்படி எழும்பாது. கிருமிக்கு வேலியும் தெரியாது, சாதித் தெருவின் எல்லையும் தெரியாது. எனவே அனைவரும் என்பது, அணையில் ஓட்டை இருக்கக் கூடாது என்பதைப் போன்ற ஒரு கட்டுமான விதி.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கழிப்பறையும் அதை ஒட்டிய குளியலறையும் கட்டப்படும். கழிப்பறைக்கு இரண்டு உறிஞ்சுகுழிகள் உண்டு. ஒன்று நிறைந்ததும் மற்றொன்றுக்கு மாற்றிவிட்டால், நிறைந்த குழியில் உள்ளது காலப்போக்கில் மட்கி உரமாகிவிடும். ஊருக்குப் பொதுவான மேல்நிலைத் தொட்டியிலிருந்து கழிப்பறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என மூன்று குழாய்கள் வீட்டுக்குள் வரும். மலையூர்களில் உயரத்தில் வற்றாத சுனை இருந்தால், மின்சாரமே இல்லாமல் தண்ணீர் தானே இறங்கி வரும்படி குழாய் பதிப்பார்கள். செங்கல், மணல், கல், உடலுழைப்பு ஆகியவை வீட்டாருடையவை. சிமெண்டு, கழிப்பறைக் கோப்பை போன்ற வெளியிலிருந்து வாங்க வேண்டியவற்றுக்கு நிறுவனம் துணை நிற்கும். ஊரிலேயே ஆணும் பெண்ணும் கொத்து வேலை பழகி, அதையே பின்னர் பிழைப்பாகவும் கொண்டார்கள். கடைசி வீட்டுக் கழிப்பறையும் குளியலறையும் முடியும்வரை எந்த வீட்டுக்கும் தண்ணீர் திறக்கப்படாது.

இந்தக் கடைசி வாக்கியத்தின் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஊரின் ஓரத்தில், எவரும் ஏறிட்டுப் பார்க்காத ஒரு கைம்பெண்ணின் குடிசையில் சுவர் எழும்பவில்லை என்றால், நடுத்தெருப் பெரிய வீட்டில் குழாய் வறண்டிருக்கும். காலங்காலமாக அந்தக் குடிசைக்குப் பெரிய வீடு தேவைப்பட்டது. இப்போது பெரிய வீட்டுக்கு அந்தக் குடிசை தேவைப்படுகிறது. மணல் சுமக்க ஆளில்லாத வீட்டுக்கு அண்டை வீட்டார் சுமக்க வேண்டிய கட்டாயம் பிறக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதியார் தொட்ட கிணற்றில் நீர் எடுக்க மறுத்தவர்கள், ஒரே தொட்டியிலிருந்து ஒரே நேரத்தில் எல்லா வீட்டுக்கும் வரும் தண்ணீரைக் குடிக்கிறார்கள். இதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்ல நான் துணியமாட்டேன். பொதுத் தண்ணீர் என்ற சொல்லுக்கு அந்த ஊர்களில் முதன்முறையாகப் பொருள் கிடைத்தது என்று சொல்லலாம்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழிப்பறை இல்லாத ஊரில் விடியலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் மட்டுமே ஒதுங்க முடியும் என்ற நிலையில், பகல் முழுவதும் அடக்கிக்கொண்டும், அதற்காகவே தண்ணீர் குடிக்காமலும் இருந்தவர்கள் அவர்கள்தாம். குளியலறை என்பது கூடுதல் வசதி, அதை விட்டுவிட்டால் செலவு குறையுமே என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. கதவடைத்துக் குளிப்பது எத்தகைய மதிப்பு என்பதை, குளக்கரையில் ஈரச் சேலையோடு உடை மாற்றியவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஊர்ப் பொதுக்குழுவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆண், பெண் இருவரும் உறுப்பினர், நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் பெண்கள் என்ற விதியும் இதோடு சேர்ந்தே வந்தது.

இந்த வழிக்கு ஒரு விலையும் உண்டு. எல்லோரும் இசைய வேண்டும் என்றால் கூட்டம் மேல் கூட்டமாக மாதங்கள் கழியும். சில ஊர்களில் ஆண்டுகளே கழியும். பழைய பகை உள்ள இரண்டு குடும்பங்கள் ஒரு முழு ஊரையும் காத்திருக்க வைக்க முடியும். எல்லோரும் கைதூக்கினார்கள் என்பதில், ஊராரின் நெருக்குதலுக்கு அஞ்சித் தூக்கிய கை எத்தனை என்ற கேள்வியும் நியாயமானதே. வேலை தொடங்குமுன் ஒவ்வொரு குடும்பமும் தர வேண்டிய பங்குத்தொகையைக் கடன் வாங்கிக் கட்டும் ஏழைக்கு அது சுமையே. இக்குறைகளை எண்ணிப் பார்த்த பிறகும் நான் அந்த நிபந்தனையின் பக்கமே நிற்கிறேன். ஏனெனில் அதைத் தளர்த்தினால் முதலில் விடுபடுவது எந்த வீடு என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

பலன் கிடைத்ததா என்பதற்கும் சான்று உண்டு. எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஒடிசாவின் நூறு கிராமங்களின் தரவுகளைக் கொண்டு நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு, இத்திட்டத்தால் சிகிச்சை தேவைப்பட்ட வயிற்றுப்போக்கு 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்ததையும், அந்தக் குறைவு ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் நீடித்ததையும் காட்டியது. இதில் என் கவனத்தை ஈர்ப்பது சதவீதத்தைவிட அந்த ஐந்தாண்டுகள்தான். கட்டிய மறு ஆண்டே கழிப்பறை விறகு அடுக்கும் அறையாக மாறிப்போன ஊர்களை இங்கே அமர்ந்திருக்கும் பலர் பார்த்திருப்பீர்கள்.

2019 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்த ஜல் ஜீவன் திட்டமும் வீட்டுக்கு வீடு குழாய் என்பதோடு நில்லாமல், ஊருக்குள் அமையும் கட்டுமானச் செலவில் 10 சதவீதத்தையும், மலைப்பகுதிகளிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் ஊர்களிலும் 5 சதவீதத்தையும் ஊரே ஏற்க வேண்டும் என்றும், நீர்க்குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் எழுதிவைத்திருக்கிறது. எழுத்தில் இருப்பதை ஊர்க்கூட்டமாக மாற்றுவதற்கு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும், பொறுமை வேண்டும், காலக்கெடு நெருக்காத நிதி வேண்டும். தொண்டு நிறுவனத்தின் இடம் இனி அங்கேதான் என்பது என் எண்ணம். குழாய் பதிக்க ஒப்பந்ததாரர் போதும்.

இறுதியாக, பணத்தைப் பற்றி ஒரு செய்தி. கிராம் விகாஸ் செல்லும் ஊர்களில் வேலை தொடங்குமுன் குடும்பத்துக்குச் சராசரியாக 1,000 ரூபாய் திரட்டப்படும். வசதி உள்ளவர் கூடுதலாகவும் இல்லாதவர் குறைவாகவும் தருவார்கள். தராதவர் எவரும் இருக்கக் கூடாது. அந்தத் தொகையைக் கட்டுமானத்துக்குச் செலவிடுவதில்லை. அது ஊரின் பெயரில் வைப்புநிதியாக வங்கியில் கிடக்கும். பிள்ளைகள் வளர்ந்து, மணமாகித் தனிக்குடித்தனம் போய், ஊரில் புதிதாக ஒரு வீடு எழும்பும்போது, அந்த வீட்டுக் கழிப்பறைக்கும் குளியலறைக்கும் வேண்டிய சிமெண்டும் கோப்பையும் அந்த வைப்புநிதியின் வட்டியிலிருந்து வாங்கப்படும்.