சந்தி மொழியே!

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், இந்த வெக்கையிலும் எழுந்து போகாமல் இருக்கும் திருகோணமலை அவையோருக்கும் வணக்கம். "நாட்டு நடப்பைச் சரியாகச் சொல்வது மேடை மொழியா, சந்தி மொழியா?" என்ற கேள்விக்கு, சந்தி மொழியே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சற்று முன்னர் உங்களைச் சிரிக்க வைத்தார். "சந்தியில் நின்று அரசியல் பேசுகிறவனுக்கும் நம்மூர் பிரெட்றிக் கோட்டை மானுக்கும் ஒரே ஒரு வேறுபாடுதான், மான் பேசாமல் மெல்லும், இவன் மென்றுகொண்டே பேசுவான்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுத் தட்டிய ஓர் ஐயாவை முன்வரிசையிலேயே பார்த்தேன். அந்த மானுக்கு நான் பதில் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னர் உங்களை ஒரு வரிசைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

2022 ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசி. வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் தேடி என் சித்தப்பா விடியற்காலையிலிருந்து ஒரு பெற்றோல் செட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் அவருக்குத் தேநீர் கொண்டு போனேன். மஞ்சள் கானும் நீலக் கானும் ஒரே கயிற்றில் கோக்கப்பட்டு, திருவிழாத் தோரணம் தரையில் விழுந்ததுபோல் வீதி வளைவுவரை கிடந்தன. பதினொரு மணியளவில் உள்ளேயிருந்து வந்த ஊழியர், இரு கைகளையும் வாயருகே குவித்து, "இண்டைக்குக் கோட்டா முடிஞ்சுது!" என்று கத்தினார். அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்பதைத்தான் அந்த மனிதர் சொன்னார்.

அந்த வாக்கியம் வரிசை வழியே நடந்து போன விதத்தைக் கவனியுங்கள். முதல் இருபது பேரைக் கடக்கும்போதே "இண்டைக்கு" உதிர்ந்துவிட்டது. ஐம்பதாவது ஆளிடம் "கோட்டா முடிஞ்சுது" என்று மட்டும் சென்றது. வாலில் நின்றவர்களிடம் "கோட்டா போயிட்டாராம்!" என்று, ஜனாதிபதி கோட்டாபயவே போய்விட்ட செய்தியாகப் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரே விசில். ஒருவர் வெறுங்கானைத் தவிலாக்கினார். இன்னொருவர், "அண்ணன் வந்த மாதிரி இவரும் எங்கட நேவிக்குத்தான் வாறாரோ?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. அதே ஆண்டு மே 9 அன்று பிரதமர் பதவியைத் துறந்த அண்ணன் மகிந்த ராஜபக்ஷ அடுத்த நாளே நம்முடைய கடற்படைத் தளத்தில்தான் தஞ்சம் புகுந்தார். தளத்துக்கு வெளியே மக்கள் திரண்டு நின்றார்கள். கேள்வி கேட்டவருக்குப் பக்கத்தில் நின்ற கிழவர் அமைதியாகச் சொன்னார்: "வரட்டும். வந்தா வரிசையில எனக்குப் பின்னால நிக்கட்டும்."

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதனை இங்கே கொண்டுவந்திருக்க மாட்டேன். வாலில் எழுந்த ஆரவாரம் தலைக்குக் கேட்டது. முன்னால் நின்றவர்களுக்கு ஒதுக்கீடு முடிந்த செய்தி திருத்தமாகத் தெரியும். அப்படியிருக்கப் பின்னால் ஏன் இத்தனை கொண்டாட்டம் என்று யோசித்து, எண்ணெய் ஏற்றிய பவுசர் வருகிறது போலும் என்று முடிவு செய்தார்கள். உடனே அவர்களும் கை தட்டினார்கள். இப்போது பின்னாலிருந்து "கோட்டா போயிட்டார்" என்ற செய்தியும் முன்னாலிருந்து "பவுசர் வந்திட்டுது" என்ற செய்தியும் புறப்பட்டு, இரண்டும் நடுவில் நின்ற என் சித்தப்பாவிடம் வந்து முட்டிக்கொண்டன. எது உண்மை என்று நான் அவரைக் கேட்டேன். அவர் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, "ரெண்டும் ஒண்டுதானே மகன்" என்றார்.

வதந்தி, வதந்தி என்று எதிரணியில் முணுமுணுப்பது கேட்கிறது. வதந்திதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால், ஜூலை 13 அன்று கோட்டாபய ராஜபக்ஷ மாலைதீவுக்குப் பறந்து, மறுநாள் சிங்கப்பூரிலிருந்து பதவி விலகினாரே! எங்கள் வரிசை இரண்டு கிழமை முந்திவிட்டது. அவ்வளவே எங்கள் குற்றம். ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதாக மேடை மொழி அறிவித்தபோது, சந்தியில் நின்றவன் உலாந்தாக்காரன், அதாவது ஒல்லாந்தன், விட்டுப்போன ஒற்றைச் சொல்லை எடுத்து "வங்குரோத்து" என்றான். எது விளங்கியது உங்களுக்கு?

தற்காலிகம் என்ற சொல்லை மேடையில் கேட்டாலே எனக்குப் பயம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1979 இல் தற்காலிக ஏற்பாடு என்று பெயரிட்டுத்தான் கொண்டுவந்தார்கள். நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் அந்தத் தற்காலிகம் தீரவில்லை. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்துக்கு ஏட்டில் உள்ள பெயர் அரச கரும மொழிச் சட்டம். கேட்பதற்கு எவ்வளவு சாதுவாக இருக்கிறது! சனங்கள்தான் அதற்குத் தனிச் சிங்களச் சட்டம் என்று அதன் உண்மையான பெயரைச் சூட்டினார்கள். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் வந்து "தமிழும்" அரச கரும மொழி என்றது. மட்டும் என்பதிலிருந்து உம் என்பதற்கு வந்து சேர முப்பத்தொரு ஆண்டுகள் எடுத்திருக்கின்றன.

இனி மானுக்கு வருகிறேன். எதிரணித் தலைவரே, கோட்டை மான்களை நான் நாள்தோறும் பார்க்கிறவன். பாவம், அவை குப்பையில் கிடக்கும் பொலித்தீன் பையையும் புல்லையும் ஒன்றாகவே மெல்லும். பை தொண்டைக்குள் இறங்கிய பிறகு அவற்றால் அதனைத் துப்ப முடியாது. வெற்றிலை போடுகிறவனுக்குத் துப்பத் தெரியும், ஐயா. 2020 ஓகஸ்டில் இந்த நாடு ராஜபக்ஷக்களின் மொட்டுக் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் 145 ஆசனங்களைக் கொடுத்தது. 2024 நவம்பரில் அதே மொட்டுக்குக் கிடைத்தவை 3. அன்று 3 ஆசனங்களோடு ஓரத்தில் இருந்த திசைகாட்டிக்கு, அதாவது தேசிய மக்கள் சக்திக்கு, 159 கிடைத்தன. இதனை எந்த மான் செய்தது? இப்போது வாயில் இருப்பதையும் மென்றுகொண்டுதான் இருக்கிறோம் என்பதை, இந்த அவையில் யாராவது திசைகாட்டிக்காரர் இருந்தால், அன்போடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நடுவர் மணியில் கை வைக்கிறார். அந்த வரிசையில் சிரிக்காமல் நின்ற ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

எங்களுக்கு மூன்று பேர் முன்னால் ஓர் அம்மா, அடுப்புக்கும் விளக்குக்குமாக ஒரு சிறிய கானோடு நின்றார். ஆரவாரம் அடங்கி எல்லோரும் கலைந்தபோதும் அவர் நகரவில்லை. சித்தப்பா அவரிடம், "முடிஞ்சுதாம் அம்மா, வீட்ட போங்க" என்றார். அதற்கு அவர் சொன்னது இது: "முடிஞ்சுது எண்டு அவங்க சொல்லுவாங்க தம்பி. 2009 இலயும் அப்பிடித்தான் சொன்னவங்க. என்ட பிள்ளையக் கேட்டுப் போனா, காணாமப் போன ஆக்கள்ட கந்தோரைக் காட்டுறாங்க. அவன் காணாமப் போகல்ல தம்பி. கொண்டு போனவங்க."

அந்தக் கந்தோரை அமைத்த 2016 ஆம் ஆண்டுச் சட்டம் காணாமற்போன ஆட்கள் என்று எழுதியது. வீதியோரத்தில் படங்களை ஏந்தி நிற்கும் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்டோர் என்றே சொல்கிறார்கள். அந்த "ஆக்கப்பட்ட"வை விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள். எதிரணித் தலைவரே, நீங்கள் இலக்கணம் படித்தவர். போவதற்கும் ஆக்கப்படுவதற்கும் இடையில் எழுவாய் எங்கே ஒளிந்துகொண்டது என்று அந்த அம்மாவிடம் உங்கள் மேடை மொழியில் ஒருமுறை விளக்கிப் பாருங்கள்.

அன்று அந்த அம்மா குனிந்து, வீதியோரம் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கித் தன் கானுக்குள் போட்டார். காற்று அதனைத் தூக்கிப் போகக்கூடாது அல்லவா? அதைத் தன் இடத்திலேயே வைத்துவிட்டு, எதிர் மதில் நிழலில் போய் அமர்ந்து அதனையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா மிச்சத் தேநீரை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

வணக்கம்.