மங்கலதேவி மலையில் கண்ணகி கோட்டம்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

தேனி மாவட்டம் கூடலூரை ஒட்டி, தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் மலை முகட்டில், கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், பெரியாறு புலிகள் காப்பகக் காட்டின் நடுவே சிதைந்து நிற்கிறது மங்கலதேவி கண்ணகி கோயில். ஆண்டு முழுவதும் யானைக்கும் காட்டுமாட்டுக்கும் உரியதாக இருக்கும் அந்த இடத்திற்கு, சித்திரை முழுநிலவு நாளில் மட்டும், காலை முதல் பிற்பகல் வரை பொதுமக்கள் செல்லலாம். தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் முன்கூட்டியே கூடிப் பேசி அந்த ஒரு நாளுக்கான ஏற்பாடுகளைச் செய்கின்றன.

மதுரையை எரித்த கண்ணகி, வையையின் ஒரு கரையைப் பற்றிக்கொண்டு, பள்ளம் என்றும் மேடு என்றும் பாராமல் மேற்கு நோக்கி நடந்து, நெடுவேள் குன்றத்தில் ஏறி, பூத்த வேங்கை மரத்தின் கீழ் நின்றாள் என்றும், பதினான்காம் நாள் கோவலனோடு வானவூர்தியில் சென்றாள் என்றும் சிலப்பதிகாரம் சொல்கிறது. அதைக் கண்ட குன்றக் குறவர் சேரன் செங்குட்டுவனிடம் சொல்ல, அவன் இமயத்தில் கல் எடுத்து, கங்கையில் நீராட்டிக் கொண்டுவந்து கோட்டம், அதாவது கோயில், அமைத்தான் என்பது அந்தக் காப்பியத்தின் மூன்றாம் பகுதியான வஞ்சிக் காண்டத்தின் செய்தி. அந்தக் கோட்டம் எங்கே என்று தேடிய பேராசிரியர் சி. கோவிந்தராசனார், பூம்புகாரிலிருந்து கண்ணகி சென்ற வழியைக் காப்பியத்தின் துணைகொண்டே தொடர்ந்து, 1963-ஆம் ஆண்டில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். ஏட்டில் படித்த வழியைக் காலால் நடந்து சோதித்த அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

மேலே செல்ல இரண்டு வழிகள் உண்டு. குமுளியிலிருந்து காட்டுப் பாதையில் ஜீப்புகள் ஓடுகின்றன. ஆனால் உடம்பில் தெம்புள்ளவர்கள், கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து 6 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் ஒற்றையடிப் பாதையில் ஏறுவதே நல்லது என்பேன். தொடக்கத்தில் மர நிழல் இருக்கும். ஏற ஏற மரங்கள் குறைந்து, இடுப்பளவு புல் மூடிய சரிவுகள் வரும். அங்கே சித்திரை வெயிலும் மலைக்காற்றும் ஒருசேர முகத்தில் அறையும். திரும்பிப் பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் தோப்புகளும் காலடியில் விரிந்து கிடக்கும். மேடு பள்ளம் பாராமல் நடந்தாள் என்ற வரியின் கனம் அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதுதான் முழுமையாகப் புரிகிறது.

கோயிலில் இன்று நாம் காணும் கட்டுமானம் செங்குட்டுவன் காலத்தது அன்று. அது பிற்காலத்துக் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில்; தமிழ்க் கல்வெட்டுகளும் அங்கே உண்டு. வழிபாடு பழையது, கட்டடம் அதற்குப் பிந்தியது என்று கொள்வதில் கோயிலின் பெருமைக்கு எந்தக் குறையும் இல்லை. பெரிய கருங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய சுவர்களின் இடுக்குகளில் வேர்கள் நுழைந்து கற்களை நெட்டித் தள்ளியிருக்கின்றன. கூரைக் கற்கள் சரிந்து புல்லுக்குள் புதைந்திருக்கின்றன. அந்த இடிபாட்டுக்குள்தான் விழா நாளில் அம்மனுக்குப் பட்டும் பூவும் சாத்துகிறார்கள். தமிழ்நாட்டு அர்ச்சகர்களும் கேரள அர்ச்சகர்களும் வெவ்வேறு சன்னதிகளில் பூசை செய்ய, இரு மாநிலப் பெண்களும் ஒரே வரிசையில் காத்து நிற்கிறார்கள்.

இன்னும் அதிக நாட்கள் திறந்துவிட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லை. 1978 முதல் புலிகள் காப்பகமாக உள்ள காட்டில் நாள்தோறும் ஜீப்புகள் ஓடினால், கோயிலை இதுவரை சூழ்ந்து காத்த தனிமையே அழிந்துவிடும். நாம் கேட்க வேண்டியது வேறு: விழுந்து கிடக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு, படம் எடுத்து, அது இருந்த இடத்தைக் கண்டறிந்து, சுவரைத் தளர்த்தும் வேர்களை அகற்றி, பழைய கற்களைக் கொண்டே மீண்டும் அடுக்கும் பணி. கோயில் நிற்கும் இடம் தமிழ்நாட்டு எல்லைக்குள் வருகிறதா கேரள எல்லைக்குள் வருகிறதா என்ற வழக்கு முடியும்வரை அந்தப் பணி காத்திருக்கக் கூடாது. இரு மாநிலத் தொல்லியலாளர்களும் சேர்ந்து செய்ய வேண்டியது அது.

வரும் சித்திரை முழுநிலவுக்குச் செல்ல எண்ணுவோர் விடியற்காலையிலேயே மலையடிவாரத்தை அடைந்துவிடுங்கள். நெகிழிப் பைகளுக்கும் புட்டிகளுக்கும் அனுமதி இல்லை; தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் கொண்டுசெல்லுங்கள். பிற்பகலில் வனத்துறையினர் இறங்கச் சொன்னவுடன் இறங்கிவிடுங்கள். பொழுது சாய்ந்தால் அது யானைகள் நடக்கும் பாதை.

நன்றி, வணக்கம்.