ஒரு அறை, கொஞ்சம் நேரம்

(திருப்பூரில் சினிமா ஆர்வலர்கள் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

நகரத்துத் தனிமையும் ஆசையும் கலைப்படங்களில் எப்படி வருகின்றன என்று பேசப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் கேட்டார்: "அதெல்லாம் வசதியானவங்களுக்கு வர்ற வியாதி. பனியன் கம்பெனி ஊர்ல அது எதுக்குங்க?" நியாயமான கேள்வி. இந்தப் பேச்சு முழுவதும் அவருக்கான பதில்தான்.

ஒருவர் மேல் ஒருவருக்கு ஆசை வந்தால் அதற்கு இரண்டு வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை. யாரும் கணக்குக் கேட்காத கொஞ்சம் நேரம். பிழைக்க வந்தவனிடமிருந்து நகரம் முதலில் எடுத்துக்கொள்வது இந்த இரண்டையும்தான். எனக்குப் பிடித்த படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது, அவை எல்லாமே இந்த அறையையும் நேரத்தையும் தேடி அலைகிறவர்களின் கதைகளாகத்தான் தெரிகின்றன.

ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாயின் 'இன் தி மூட் ஃபார் லவ்' 2000இல் வந்தது. கதை நடப்பது 1962இன் ஹாங்காங்கில். ஷாங்காயிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஒரே வீட்டுக்குள் அறை அறையாக வாடகைக்கு விட்டு வாழ்கிறார்கள். அடுத்தடுத்த அறைகளுக்கு ஒரே நாளில் இரண்டு தம்பதிகள் குடிவருகிறார்கள். ஒரு வீட்டுக் கணவனுக்கும் மற்ற வீட்டு மனைவிக்கும் உறவு. ஏமாந்த மற்ற இருவரும்தான் படத்தின் நாயகனும் நாயகியும். துரோகம் செய்த இருவரின் முகத்தைப் படம் நமக்குக் காட்டுவதே இல்லை.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நாயகியின் உடைகளையும், அந்த வயலின் இசையையும், தூக்குப் பாத்திரத்தோடு அவள் நூடுல்ஸ் வாங்கப் படியிறங்கும் நடையையும் சொல்வார்கள். எல்லாம் அழகுதான். நான் உங்களை வேறொரு காட்சியைக் கவனிக்கச் சொல்வேன். அவள் அவன் அறைக்குள் இருக்கிறாள். தப்பாக ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா ஆட்களோடு திரும்பி வந்து, காய்களை வைத்து ஆடும் மாஜோங் ஆட்டத்துக்கு உட்கார்ந்துவிடுகிறார். ஆட்டம் விடிய விடிய நீள்கிறது. அவள் வெளியே வர முடியாது, வந்தால் பேச்சாகிவிடும். இரண்டு பேரும் உள்ளே அடைந்து கிடக்கிறார்கள். அறை இருக்கிறது, நேரமும் நிறைய இருக்கிறது, ஆனால் இரண்டுமே அவர்களுடையவை இல்லை. சுவருக்கு அந்தப்பக்கம் உருளும் காய்களின் சத்தம்தான் அந்த ராத்திரியை ஆள்கிறது.

நம் அகப்பாடல்களில் இரவுக்குறி, அதாவது ராத்திரியில் காதலர் ரகசியமாகச் சந்திப்பது, தவறிப்போவது என்று ஒரு வகையே உண்டு. தலைவன் வந்துவிடுவான், ஆனால் நாய் குரைக்கும், நிலா பளிச்சென்று காயும், காவலர்கள் சுற்றுவார்கள், தாய் தூங்கியிருக்க மாட்டாள். ஊர் வாயில் விழுவதற்கு அலர் என்றே பெயர் வைத்திருக்கிறோம். அதனால் ஹாங்காங் படத்தைப் பார்க்கும்போது நமக்குப் புதிதாக ஒன்றும் தோன்றக் கூடாது. தாய்க்குப் பதில் வீட்டுக்காரம்மா, நாய்க்குப் பதில் மாஜோங். கொஞ்சம் பொறுத்து அதே வீட்டுக்காரம்மா அவளிடம் நைச்சியமாகச் சொல்கிறார், சின்ன வயசில் வெளியே போய்வரலாம், ஆனால் அளவாக இருக்க வேண்டும் என்று. அன்றிலிருந்து அவள் வெளியே போவதைக் குறைத்துக்கொள்கிறாள்.

இந்த ஊரில் லைன் வீட்டில் குடியிருந்தவர்களுக்கு அந்தக் குரல் தெரியும். பத்துக்குப் பத்தில் ஒரு அறை, ஓரத்தில் அடுப்பு, வாசலுக்கு எதிரே அடுத்த வாசல், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாகக் குளியலறை. அப்படி ஒரு லைனில் நான் குடியிருந்தபோது வீட்டுக்கார அம்மா ஒரு வாட்டி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சொந்தக்காரங்கன்னு வர்றவீங்க எல்லாம் சொந்தக்காரங்களா கண்ணு? நமக்கு எதுக்கு வம்பு." அவர் கெட்டவர் இல்லை. காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தவரும் அவர்தான். வோங் கார்-வாயின் வீட்டுக்காரம்மாவும் அப்படித்தான், சாப்பிட வா, சாப்பிட வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். கண்காணிப்பும் அன்பும் ஒரே ஆளிடமிருந்து வருவதால்தான் அதை உதறிவிட்டுப் போக முடிவதில்லை.

அப்புறம் அவன் ஓட்டலில் தனியறை எடுக்கிறான். சேர்ந்து உட்கார்ந்து வாள்சண்டைத் தொடர்கதை எழுதுகிறார்கள். கதவு இருக்கிறது, கேட்பார் யாருமில்லை. ஆனால், நாம் நம்மை ஏமாற்றிய அந்த இருவரைப் போல ஆகிவிடக் கூடாது என்ற பேச்சு அவர்களோடு அந்த அறைக்குள்ளும் வந்துவிடுகிறது. ஊர் வாய் வெளியே இருக்கும்வரை அதிலிருந்து ஒளிந்துகொள்ளலாம். உள்ளே வந்துவிட்டால் எங்கே போவது?

நமக்குப் பக்கத்தில் நடந்த படத்துக்கு வருகிறேன். பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் அஸ் லைட்' 2024 கான் திரைப்பட விழாவில் அதன் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரி வாங்கியது. கானின் முதன்மைப் போட்டியில் ஒரு இந்தியப் படம் இடம்பெற்றே 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. விருதை விடுங்கள். மும்பையில் வேலை பார்க்கும் இரண்டு மலையாளி நர்சுகள், ஒரே வீட்டில் தங்கியிருக்கிறார்கள். இளையவள் அனுவுக்கு ஒரு முஸ்லிம் பையனோடு காதல். இத்தனை பெரிய மும்பையில் அவர்கள் இருவருக்கும் ஓர் இடம் இல்லை. அவன் வீட்டில் ஆள் இல்லாத ஒரு நாள் வாய்க்கிறது. அக்கம்பக்கத்தார் கண்ணுக்குத் தப்ப அவள் புர்கா வாங்குகிறாள். அன்றைக்குப் பார்த்து மழை கொட்டி ரயில் நின்றுவிடுகிறது. இதுவும் இரவுக்குறி தவறிய கதைதான்.

மூத்தவள் பிரபா. கனி குஸ்ருதி நடித்திருக்கிறார். கல்யாணமான கொஞ்ச நாளில் கணவன் ஜெர்மனிக்குப் போய்விட்டான், இப்போது போன்கூட இல்லை. ஒரு நாள் ஜெர்மனியிலிருந்து பார்சல் வருகிறது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே சிவப்பு நிறத்தில் ஒரு ரைஸ் குக்கர். அதை ஒதுக்கி வைத்துவிடுகிறாள். பிறகு ஒரு ராத்திரி, தரையில் குந்தி உட்கார்ந்து, அந்தக் குக்கரைக் கால்களுக்கிடையில் இழுத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொள்கிறாள். வசனம் கிடையாது, அழுகையும் கிடையாது. ஒரு பெண்ணின் உடம்பு எத்தனை வருஷமாகக் காத்துக் கிடக்கிறது என்பதை இதைவிட மரியாதையாகச் சொன்ன காட்சி சமீபத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. நம் வெகுஜனப் படத்தில் என்றால் அங்கே ஒரு பாட்டு வந்திருக்கும், கனவில் மழை பெய்திருக்கும். இங்கே உலோகத்தின் குளிர்ச்சி மட்டும்தான். அதுவே நம் கையிலும் படுகிறது.

அறையைப் பற்றிச் சொன்னேன், நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆதித்ய விக்ரம் சென்குப்தாவின் 'ஆஷா ஜாவார் மாஜே' 2014இல் வந்த வங்காளப் படம். கல்கத்தாவில் ஒரு தம்பதி. அவளுக்குப் பையும் பெட்டியும் செய்யும் இடத்தில் பகல் வேலை, அவனுக்கு அச்சகத்தில் ராத்திரி வேலை. ஒருவர் வரும்போது மற்றவர் கிளம்ப வேண்டும். படத்தில் அவர்கள் பேசுவது என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை. அவள் சமைத்து வைத்ததை அவன் தனியாகச் சாப்பிடுகிறான். ஒரே கட்டில், ஆனால் முறை வைத்துத் தூங்குகிறார்கள். இந்தப் படத்தை மெதுவான படம் என்று ஒருவர் சொன்னால் நான் அவரை ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற குடும்பத்துக்குத்தான் கூட்டிப்போவேன். காலை எட்டரைக்கு உள்ளே போய் ராத்திரி எட்டரைக்கு வெளியே வருகிற ஓவர்லாக் டெய்லர், நூல்மில்லில் ராத்திரி ஷிப்ட் போகிற மனைவி. எதிரெதிராக வண்டியில் போகும்போது கையைத் தூக்கிக் காட்டிக்கொள்வார்கள். அந்தக் கை தூக்கலைச் சொல்ல ஒரு சினிமா மெதுவாகத்தான் நடந்தாக வேண்டும். வேகமாகப் போனால் அது கண்ணிலேயே படாது.

பெல்ஜிய இயக்குநர் ஷான்டால் அகெர்மானின் 'நியூஸ் ஃப்ரம் ஹோம்', 1977. நியூயார்க் தெருக்களும் சுரங்க ரயிலும்தான் படம். அந்தக் காட்சிகளின் மேல், பிரஸ்ஸெல்ஸிலிருந்து தன் அம்மா எழுதிய கடிதங்களை அகெர்மானே வாசிக்கிறார். சாப்பிட்டாயா, ஏன் எழுதவில்லை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. இடையிடையே ரயில் சத்தம் வந்து அந்தக் குரலை மூடிவிடும். சுற்றுவட்டார மில் ஹாஸ்டல்களில் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்து தங்கிய பெண்களை நான் நினைத்துக்கொள்வேன். வாரம் ஒரு முறை போன், பின்னால் காத்திருக்கும் வரிசை. "சாப்டயா" என்ற கேள்வியைத் தாண்டிப் போக நேரமே இருக்காது. அந்த வயசுப் பெண்களுக்கு ஆசை என்று ஒன்று உண்டு என்பதையே அந்தக் கதவுகள் ஒரு ஆபத்தாகத்தான் பார்த்தன.

இனி என் வாதத்துக்குக் கட்டுப்படாத ஒருவர். இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனி. 1962இல் வந்த 'லெக்லிஸ்' படத்தின் நாயகி விட்டோரியாவுக்கு ரோமில் வீடு, நேரம், அழகான காதலன் எல்லாமே இருக்கிறது. கடைசியில் இருவரும் சந்திப்பதாகச் சொன்ன தெருமுனைக்கு இருவருமே வருவதில்லை. ஏழு நிமிஷம் வெறும் தெருமுனை, பஸ், மரம், தெருவிளக்கு. அறையும் நேரமும் கிடைத்தாலும் ஆசை ஓய்ந்துபோகலாம் என்று அவர் சொல்கிறார். மறுக்க என்னிடம் பதில் இல்லை. ஆனால் ரசிகனாகச் சொன்னால், என் மனசு அந்தப் படத்தைவிட ட்ஸாய் மிங்-லியாங்கின் 'விவ் லாமூர்' பக்கம்தான் போகிறது. தைபேயில் விற்காத ஒரு காலி அடுக்குமாடி வீடு. வீடு விற்கும் பெண், தெருவில் துணி விற்பவன், அஸ்தி வைக்கும் மாடங்களை விற்பவன், மூன்று பேரும் தனித்தனியாகச் சாவி கிடைத்து அங்கே வந்துபோகிறார்கள். மூன்று பேருமே எதையோ விற்றுப் பிழைப்பவர்கள் என்பதைப் பாருங்கள். கடைசியில் அந்தப் பெண் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து நிமிஷக் கணக்கில் அழுகிறாள். காமிரா அவளை விட்டு நகர்வதில்லை. 1994இல் வெனிஸ் திரைப்பட விழாவின் முதல் விருதான தங்கச் சிங்கத்தை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்ட படம்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் என்ற திரையரங்கைத் தொடங்கியது கோயம்புத்தூரில். சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா எல்லாம் அங்கேதான் இருந்தன. இவ்வளவு சினிமா வளர்ந்த கொங்கு நாடு திரையில் வந்தால் பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் கோபி வயலும்தான். ராத்திரி பத்து மணிக்கு டையிங் வேலை முடிந்து, பரோட்டாக் கடை பெஞ்சில் போனைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருக்கிற ஒடிசாப் பையனை நம் காமிரா எப்போது பார்க்கும்? அவன் மனசில் ஒரு பெண் இருப்பாள் என்று எந்தக் கதாசிரியர் யோசித்திருக்கிறார்? நகரத்துப் பெண்ணின் தனிமையைத் தமிழில் ருத்ரய்யா 'அவள் அப்படித்தான்' படத்தில் 1978லேயே தொட்டார். அதற்குப் பின் அந்த வழியில் நடந்தவர்கள் மிகச் சிலர்.

கடைசியாக, உங்கள் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நாம் திரையிடல்களை சனிக்கிழமை சாயங்காலம் வைக்கிறோம். அது சம்பள நாள், கம்பெனி ஆட்கள் ஒருவரும் வர முடியாது. ஞாயிறு மதியத்துக்கு மாற்றலாம். முதலில் பாயல் கபாடியாவின் படத்தைப் போடலாம், அதற்குரிய அனுமதியை நாம் சேர்ந்து முயன்று வாங்கலாம். அதில் மலையாளமும் இந்தியும் மராத்தியும் இருக்கின்றன. தமிழ் சப்டைட்டில் இல்லையென்றால் நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன். உங்கள் லைனில், உங்கள் யூனிட்டில் இருக்கும் வடக்கத்திப் பையன்களையும் பெண்களையும் கூட்டி வாருங்கள். படம் முடிந்ததும் இங்கே நின்று பேச வேண்டியது அவர்கள்தான்.