சீட் கிடைத்தால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். மாற்றுத்திறனாளிகள் டாக்டராவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மறுவாழ்வு மருத்துவம் என் துறை என்பதால் வேலூரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1954-இல் வேலூர் சி.எம்.சி.யின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ் சாலை விபத்தில் சிக்கினார். தண்டுவடம் சேதமாகி, கால்கள் இரண்டும் செயலிழந்தன. அதற்கு அப்புறம்தான் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைச் சரிசெய்யும் ஆபரேஷன்களை டாக்டர் பால் பிராண்டின் குழுவில் கற்றுக்கொண்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே செய்தார். கை ஆபரேஷனைப் பொதுவாக எல்லோருமே உட்கார்ந்துதான் செய்வார்கள். இவரால் எது முடியாது என்று கணக்கெடுக்காமல், எது முடியும் என்று தேடியிருக்கிறார்கள். பின்னாளில் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கியவரும் அவர்தான். 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இத்தனைக்கும் பிறகு, 2019-இல் வந்த எம்.பி.பி.எஸ். சேர்க்கை விதியைப் பாருங்கள். இரண்டு கைகளும் குறையில்லாமல், முழு உணர்வோடு, போதிய வலுவோடு இருக்க வேண்டும் என்றது. பேச்சுக் குறைபாட்டில் இன்னும் வேதனை. இடஒதுக்கீடு கேட்க 40 சதவீதக் குறைபாடாவது இருக்க வேண்டும்; ஆனால் 40-ஐத் தொட்டாலே படிக்கத் தகுதி இல்லை என்றது அந்த விதி. அப்படியானால் அந்த இடஒதுக்கீடு யாருக்கு?

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. சதவீதம் மட்டுமே ஒருவரைத் தடுக்க முடியாது. அந்தக் குறைபாடு படிப்புக்கு உண்மையிலேயே தடையா என்று மருத்துவ வாரியம் ஆராய வேண்டும். 2025 பிப்ரவரியில் இன்னொரு வழக்கு. விரல்களிலும் காலிலும் பேச்சிலும் குறைபாடுள்ள மாணவரை எய்ம்ஸ் குழுவில் ஐந்து பேர் விதியைக் காட்டித் தகுதியில்லை என்றார்கள். ஆறாமவர் டெல்லியைச் சேர்ந்த டாக்டர் சதேந்திர சிங், தாமே போலியோவால் பாதிக்கப்பட்டவர். தகுந்த உதவி கொடுத்தால் இவரால் முடியும் என்று தனி அறிக்கை கொடுத்தார். நீதிமன்றம் அதை ஏற்றது. இரு கைகள் பற்றிய விதி 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கே முரணானது என்றும் சொன்னது.

சரி, சீட் கிடைத்துவிட்டது. அடுத்து? எனக்கு உண்மையான கவலை இங்கேதான். டியூட்டி டாக்டர் அறை மாடியில் இருக்கும், லிஃப்ட் இருக்காது. காது சரியாகக் கேட்காத மாணவருக்கு ஒலியைப் பெருக்கும் ஸ்டெதஸ்கோப் கடையில் கிடைக்கிறது. வாங்கித் தருவது யார் பொறுப்பு என்று கல்லூரியில் கேட்டால் பதில் இருக்காது. ஹவுஸ் சர்ஜனாக இரவு முழுக்க வார்டு வார்டாக ஓட முடியாதவருக்கு, அதே நேர வேலையை ஒரே வார்டில் போட்டுத் தந்தால் போதும். அதைச் சலுகை என்று முணுமுணுப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நியாயமான வசதியை மறுப்பதையே அந்த 2016 சட்டம் பாகுபாடு என்கிறது.

நர்சிங் பக்கம் இந்தப் பேச்சே எழுவதில்லை. வேலைக்கு வந்தபின் விபத்திலோ நோயிலோ ஊனமான நர்ஸ்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பதவியிறக்கம் செய்யக் கூடாது, வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்று அரசு நிறுவனங்களுக்கு அதே சட்டம் சொல்கிறது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். இது தெரியாமல் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், சகோதரிகளே.

நீட் எழுதப்போகும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றைக் கவனியுங்கள். வாரியம் தகுதியில்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 2024 தீர்ப்பு. பிள்ளை தினமும் என்னென்ன வேலைகளைத் தானே செய்கிறது, எந்தக் கருவியோடு செய்கிறது என்பதை வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு என்று போனால் அதுவும் கைகொடுக்கும். வணக்கம்.