மஞ்சள் லைட் எரிந்த பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடும்?

வணக்கம் மக்களே. மைக்கில் காற்றுச் சத்தம் அடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏர்வாடி தாண்டி சாயல்குடி போகிற ஈசிஆர் ரோட்டில் ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். மீட்டரைப் பாருங்கள், பெட்ரோல் பங்க் படம் போட்ட மஞ்சள் லைட் இப்போதுதான் எரிந்தது. எரிந்ததுமே டிரிப் மீட்டரை ஜீரோ பண்ணிவிட்டேன். இந்த வீடியோவுக்காகவே ராமநாதபுரத்தில் பெட்ரோல் போடாமல் வந்தேன்.

"லைட் எரிஞ்சாலும் அம்பது கிலோமீட்டர் தாராளமா போலாம் மாப்ள, பயப்படாதே" என்று சொல்கிற ஆள் ஊருக்கு ஒருத்தர் இருப்பார். அவர் சொல்வது பல நேரம் நடந்தும் விடும். ஆனால் அவர் வண்டி வேறு, உங்கள் வண்டி வேறு, அவர் ஓட்டுகிற ரோடும் வேறு.

முதலில் ஏட்டுக் கணக்கு. பெரும்பாலான கார்களில் டேங்க்கில் 10 முதல் 15 சதவீதம் மிச்சம் இருக்கும்போது லைட் எரியும். ஸ்விஃப்ட், பலேனோ மாதிரி 37 லிட்டர் டேங்க் என்றால் நாலு முதல் ஐந்தரை லிட்டர். கிரெட்டா மாதிரி 50 லிட்டர் டேங்க் என்றால் ஐந்து முதல் ஏழரை. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைத்தால் சின்ன வண்டி 60-லிருந்து 80 வரை ஓடும். ஏட்டில் ஓடும். ரோட்டில் என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

ஒரு நிமிஷம், உப்பு லாரி போகட்டும்.

சரி. இது என்ன தெரிகிறதா? ராமநாதபுரத்தில் மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் கேட்டு வாங்கி வந்த பழைய பெட்ரோல் பம்ப். காரில் இது டேங்க்குக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். நிறைய வண்டிகளில் பின் சீட்டைத் தூக்கினால் மேல்மூடி தெரியும். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, அதன் விலாவிலிருந்து ஒரு மெல்லிய கம்பி, கம்பி நுனியில் கறுப்பாக ஒரு மிதவை. மிதவையை இப்படித் தூக்கினால் டேங்க் ஃபுல், இப்படி இறக்கினால் காலி. கம்பியின் இந்தப் பக்கம் நகத்தளவு ஒரு தகடு, கோடு கோடாக இருக்கிற பட்டை மேல் உரசிக்கொண்டே நகர்கிறது, கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். தகடு நகர நகர மின்தடை மாறும். அதை வைத்துத்தான் மீட்டர் முள் ஏறுகிறது, இறங்குகிறது. ஆக, உங்கள் மீட்டர் லிட்டரை அளக்கவே இல்லை. இந்த மிதவை எந்த உயரத்தில் நிற்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் லைட்டைப் போடும், அவ்வளவுதான்.

பழைய ஸ்பிளெண்டர் ஓட்டியவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். அந்த வண்டியில் டேங்க்குக்கு உள்ளே இரண்டு குழாய், ஒன்று உயரம், ஒன்று குட்டை. பெட்ரோல் உயரக் குழாய்க்குக் கீழே இறங்கினால் வண்டி திக்கும். ஓட்டிக்கொண்டே இடது கையால் பெட்ரோல் குழாயின் திருகை ரிசர்வுக்குத் திருப்பினால் குட்டைக் குழாய் வழியாக வரும். ஆக ரிசர்வ் என்பது நிஜமாகவே ஒதுக்கி வைத்த பெட்ரோல். காரில் அப்படி ஒதுக்கீடு கிடையாது. ஒரே டேங்க், ஒரே பம்ப். காரில் நீங்கள் திருப்புவதற்குத் திருகும் இல்லை, திக்கி எச்சரிக்கிற இன்னொரு மட்டமும் இல்லை. திக்கினால் கதை முடிந்தது.

இப்போது என் வண்டியின் இடது பக்கச் சக்கரங்கள் தாரை விட்டு மண்ணில் இறங்கியிருக்கின்றன. வண்டி ஒருபக்கம் சாய்ந்தால் உள்ளே பெட்ரோலும் சாயும், மிதவையும் ஏமாறும். கொடைக்கானல் மலையில் ஒரு வளைவில் எரிகிற லைட் அடுத்த வளைவில் அணைந்துவிடும். நம் மாவட்டம் பலகை மாதிரி தட்டை, அந்த வகையில் லைட்டை இங்கே கொஞ்சம் நம்பலாம். ஆனால் நமக்கு வேறு தொல்லை, உப்புக்காற்று. இந்த கனெக்டரைப் பாருங்கள், செம்பு முனையில் பச்சை பூத்திருக்கிறது. கடலோரத்தில் வருஷக்கணக்கில் நிற்கிற வண்டிகளில் இப்படி ஆனால் முள் தப்பாகக் காட்டும். நேரான ரோட்டில் உங்கள் முள் ஆடுகிறது என்றால் லைட்டையும் நம்பாதீர்கள், முதலில் கனெக்டரைச் சுத்தம் செய்யுங்கள்.

அப்புறம் இந்த டிஸ்பிளே. இன்னும் 78 கிலோமீட்டர் போகும் என்று காட்டுகிறது. பார்த்ததும் நிம்மதியாக இருக்கும். அது எப்படி வருகிறது? மிதவை சொல்கிற மிச்சத்தை, கொஞ்ச நேரமாக நீங்கள் ஓட்டிய மைலேஜால் பெருக்கிக் காட்டுகிறது. ராமநாதபுரத்திலிருந்து நான் அறுபதில் ஒரே சீராக வந்தேன், அதனால் 78. இதே பெட்ரோலோடு ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏசி போட்டு நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்திருந்தால் 50 என்று காட்டியிருக்கும். இனிமேல் வரப்போகிற ரோடு எப்படி என்பது அதற்குத் தெரியாது, முக்கியமாகக் காற்று எந்தப் பக்கம் என்று தெரியவே தெரியாது.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும், இந்தக் கரையில் வண்டி ஓட்டுகிறவர்கள் கணக்கில் விடுவது இதைத்தான். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது, நம் ஊர்க் காற்று அந்த ரகம். ஆடி மாதம் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிப் பக்கம் போகிறவருக்கு அது எதிர்க்காற்று. வண்டி 60-ல் போகிறது, எதிரே 30-ல் காற்று என்றால், காற்றைக் கிழிக்கிற வேலையைப் பொறுத்தவரை வண்டி 90-ல் போவதாகத்தான் அர்த்தம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 60-க்கு ஒரு பங்கு என்றால் 90-க்கு இரண்டேகால் பங்கு. டயர் உரசல், இன்ஜின் உரசல் எல்லாம் அப்படியே இருந்தாலும், இந்த ஒன்று போதும் மைலேஜை இறக்க. மார்கழி வாடையில் அதே ரோட்டில் அதே திசையில் போனால் காற்றே தள்ளிக்கொண்டு போகும்.

இன்னொன்று, இப்போது பங்க்கில் வருவது இ-20 பெட்ரோல், அதாவது 20 சதவீதம் எத்தனால். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இ-20-க்கு என்று செய்யாத பழைய கார்களில் மைலேஜ் ஆறேழு சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. நாலு வருஷத்துக்கு முன்னால் "நம்ம வண்டி லைட் எரிஞ்சு எழுபது ஓடுச்சு" என்று நீங்கள் வைத்திருக்கிற கணக்கு இன்றைக்குச் செல்லாது.

சரி, மக்களே, சாயல்குடி பங்க்குக்கு வந்தாச்சு. டிரிப் மீட்டர் 20 காட்டுகிறது. இங்கேதான் உங்கள் வண்டியின் நிஜக் கணக்கு கிடைக்கும், அதனால் இந்தப் பகுதியைத் தள்ளிவிடாமல் பாருங்கள். பங்க்கில் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: "அண்ணே, கட் ஆனதும் நிறுத்திருங்க, ரவுண்டு பண்ண வேண்டாம்." டேங்க் நிறைந்ததும் ஊற்றுகிற நாசில் தானாகவே நிற்கும், அந்த முதல் ஆட்டோ கட்டுக்குப் பிறகு அழுத்தி அழுத்தி ஊற்றினால் அது மூடிக்குக் கீழே இருக்கிற கழுத்துக் குழாயில் நிற்கும். டேங்க் கணக்கு கெட்டுப்போகும்.

இதோ கட் ஆகிவிட்டது. 32.6 லிட்டர். டேங்க் 37, அப்படியென்றால் மிச்சம் இருந்தது 4.4 லிட்டர். லைட் எரிந்த பிறகு ஓடிய 20 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டரும் கொஞ்சமும் போயிருக்கும். ஆக, என் வண்டியில் சுமார் ஐந்தரை லிட்டரில் லைட் எரிகிறது. அதில் கடைசி அரை லிட்டர், முக்கால் லிட்டர் பம்ப்பால் ஒழுங்காக இழுக்க முடியாது, அதை ஒரு லிட்டராகவே கழித்துவிடுங்கள். மிச்சம் நாலரை. எனக்கு லிட்டருக்கு 16 கிடைக்கிறது, 72 கிலோமீட்டர். அதில் பாதியைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். காற்று, நெரிசல், வழி தப்புவது, மூடிக்கிடக்கிற பங்க், எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தப் பாதி. ஆக, என் வண்டிக்கு 35. உங்கள் வண்டிக்கும் ஒரு தடவை இப்படிப் பார்த்து, எண்ணை எழுதி சன் வைசரில் ஒட்டி வையுங்கள்.

இந்த 35-ஐ வைத்துக்கொண்டு தனுஷ்கோடி போகலாமா? ராமேஸ்வரம் ஊரிலிருந்து தனுஷ்கோடி ரோடு முடிகிற அரிச்சல்முனை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். போக வர 40. ராமேஸ்வரத்தை விட்டால் அந்தப் பக்கம் பங்க் கிடையாது, கடல்தான். 2017-க்கு முன்னால் இந்தக் கேள்வியே எழாது, முகுந்தராயர் சத்திரத்தோடு கார் நின்றுவிடும், அதற்கு மேல் மணலில் வேன்காரர்கள்தான் கூட்டிப் போவார்கள். அந்த வருஷம் சத்திரத்திலிருந்து முனை வரைக்கும் ஒன்பதரை கிலோமீட்டர் தார் ரோடு திறந்த பிறகு எல்லாரும் சொந்த வண்டியிலேயே முனை வரை போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அசோகத் தூணைச் சுற்றித் திரும்புகிற இடத்தில் வண்டிகள் நகரவே நகராது. வெயிலில் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஏசியை அணைக்க யாருக்கும் மனசு வராது. நின்ற இடத்தில் ஏசியோடு இன்ஜின் ஓடினால் சின்ன கார்கூட மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். ஒரு லிட்டர் என்றால் நம் கணக்கில் 16 கிலோமீட்டர். மஞ்சள் லைட்டோடு தனுஷ்கோடி ரோட்டுக்குள் போகிற ஆளைத் தைரியசாலி என்று நான் சொல்லமாட்டேன். ராமேஸ்வரத்திலேயே போட்டுவிட்டுப் போங்கள், பத்து நிமிஷ வேலை.

பாம்பன் பாலமும் அப்படித்தான். 1988-ல் திறந்த ரோட்டுப் பாலம், இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், போக ஒன்று வர ஒன்று என்று இரண்டே வழி. புது ரயில் பாலத்தைப் பார்க்க ஏற்கெனவே வண்டிகள் ஓரம் கட்டி நிற்கும். அதன் நடுவில் பெட்ரோல் இல்லாமல் நின்றால் உங்களுக்குப் பின்னால் தீவுக்குப் போகிற மொத்த ஊரும் நிற்கும்.

பாலத்தில் இறக்கம் வரும்போது நியூட்ரலில் போட்டு உருட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம். இந்தக் காலத்து இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோலை முழுசாகவே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜினை ஓட்டி வைக்க ஊற்றிக்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்கிறீர்கள். இன்ஜினையே அணைத்து உருட்டுவது அதைவிட மோசம். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகும். பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் நின்றாலும் இதேதான் நடக்கும். அதனால் வண்டி குலுங்க ஆரம்பித்ததுமே இண்டிகேட்டர் போட்டு ஓரத்துக்கு வந்துவிடுங்கள்.

அடிமட்டத்தில் ஓட்டினால் அடியில் கிடக்கிற குப்பையை இழுத்துவிடும் என்று சொல்வார்கள். இந்தப் பம்ப்பின் அடியைப் பாருங்கள், வலைப்பை மாதிரி இருக்கிறதே, இதுதான் வடிகட்டி. டேங்க் நிறைய இருந்தாலும் காலியாக இருந்தாலும் பம்ப் அடியிலிருந்துதான் இழுக்கிறது. குப்பை பயம் கொஞ்சம் மிகைதான். நிஜமான பயம் சூடு. பம்ப்பைக் குளிர்விப்பதே அதன் வழியாகவும் அதைச் சுற்றியும் ஓடுகிற பெட்ரோல்தான். எப்போதும் கால் டேங்க்குக்குக் கீழேயே ஓட்டிப் பழகியவர்கள் பின் சீட்டுக்கு அடியிலிருந்து 'ங்ஙீ' என்று ஒரு சத்தம் கூடிக்கொண்டே போகிறதா என்று கவனியுங்கள், அது பம்ப் தேய்கிற சத்தம்.

டீசல் வண்டிக்காரர்கள் இன்னும் ஒரு படி முன்னாலேயே போட்டுவிட வேண்டும். டீசல் தீர்ந்தால் லைனில் காற்று ஏறிவிடும். ஐந்து லிட்டர் ஊற்றிவிட்டு சாவியைத் திருப்பினாலும் பல வண்டிகள் கிளம்பாது, ஃபில்டர் பக்கம் இருக்கிற கை பம்ப்பை அது இறுகும் வரைக்கும் அழுத்திக் காற்றை எடுக்க வேண்டும். கை பம்ப் இல்லாத வண்டி என்றால் மெக்கானிக் வர வேண்டியதுதான்.

நின்றே விட்டால்? பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பங்க்குக்கு ஓடாதீர்கள், பல இடங்களில் பாட்டிலில் தரமாட்டார்கள். தருகிற இடத்திலும் தண்ணீர் பாட்டிலில் வாங்காதீர்கள், அதைக் காருக்குள் வைத்துக்கொண்டு வருவது வெடி வைத்துக்கொண்டு வருவதற்குச் சமம். தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணுக்குப் போன் போடலாம். இந்த ஈசிஆரும் தேசிய நெடுஞ்சாலைதான், ராமேஸ்வரம் ரோடும் அப்படித்தான். எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள், பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் இருக்கிற எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.