மூச்சு முந்தும், கால் பிந்தும்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தீபாவளிப் பலகாரமும் அடைமழையும் ஒருவழியாக ஓய்ந்து, கட்டிலுக்கடியில் கிடக்கும் காலணியைப் பலரும் தேடுகிற நேரம் இது. விட்டுப்போன ஓட்டத்தை எப்படித் திரும்பத் தொடங்குவது என்று பேசுவதற்காக நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள்.

ஓட்டம் விட்டுப்போவதற்கு நம் பக்கத்தில் காரணத்துக்கா பஞ்சம்? தொழிற்சாலையில் இரவு வேலை, டிங்கிக் காய்ச்சல், புகைமூட்டம், வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு கருமாதி. காரணத்தை நான் கேட்பதில்லை. எவ்வளவு காலம் விட்டது என்றுதான் கேட்பேன். பத்து நாள் என்றால் பேசவே வேண்டாம், போய் மெதுவாக ஓடுங்கள். இரண்டு மாதம், மூன்று மாதம் என்றால் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள்.

முதலில் நல்ல செய்தி. எட்வர்ட் கோயல் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நன்கு பயிற்சி பெற்ற வீரர்கள் 84 நாள் பயிற்சியை நிறுத்தினால் உடலில் என்ன நடக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். உடல் உச்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு முதல் 3 வாரத்தில் 7 விழுக்காடும், கடைசியில் 16 விழுக்காடும் குறைந்திருந்தது. அவ்வளவுதான். தசைக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக்குழாய்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. ஆரம்பத்தில் ஏற்படும் இறக்கத்துக்குப் பெரிய காரணம், உடலில் இரத்தத்தின் அளவு சற்றுக் குறைந்துபோவது. ஓடத் தொடங்கினால் அது ஒன்றிரண்டு வாரத்திலேயே ஏற ஆரம்பித்துவிடும். முதல் நாள் நாய் இளைப்பதுபோல் இளைத்தவர், இரண்டாவது வாரக் கடைசியில் பாட்டுப் பாடிக்கொண்டு ஓடுவதன் இரகசியம் இதுதான்.

வம்பும் அங்கேதான் பிறக்கிறது. மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும். எலும்பும் தசைநாரும் அப்படித் திரும்பா. எலும்பின் மேல் புதிய பாரம் விழும்போது அது உடனே பலப்படுவதில்லை. முதலில் பழைய எலும்பைக் கொஞ்சம் அரித்தெடுக்கிறது. பிறகுதான் அந்த இடத்தில் புதியதைக் கட்டுகிறது. அரிப்பதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் போதும். கட்டி முடிக்க மூன்று மாதம்கூட ஆகலாம். ஆகவே மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வாரங்களில் முழங்காலுக்குக் கீழே உள்ள உங்கள் முன்னங்கால் எலும்பு தொடங்கிய நாளைவிடப் பலவீனமாக இருக்கலாம். மூச்சோ, "இன்னும் போ, இன்னும் போ" என்று உங்களை விரட்டிக்கொண்டிருக்கும். பள்ளித் திடலில் நான் பார்த்த பிள்ளைகளில் நொண்டிக்கொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்துக்காரர்கள் அல்லர். நன்றாக ஓடுகிறோம் என்று குஷியாக இருந்தவர்கள்தாம்.

நெட்டோட்டப் போட்டிக்குப் பெயரைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு நாள்காட்டியைப் பார்த்துப் பயிற்சி செய்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். காலுக்கு நாள்காட்டி தெரியாது.

பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவிய குடும்பத்தாருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒருநாள் சீவினால் மறுநாள் மரத்துக்கு ஓய்வு. பேராசைப்பட்டு நாள்தோறும் சீவினால் பட்டை வறண்டு, பால் நின்றுவிடும். காலும் அந்தக் கணக்குத்தான்: ஒருநாள் ஓட்டம், மறுநாள் ஓய்வு. ஓய்வு நாளில் சும்மா படுத்துக் கிடக்கச் சொல்லவில்லை. சைக்கிள் மிதிக்கலாம், நீந்தலாம், வீட்டு வேலையும் செய்யலாம்.

ஓடும் நாளிலும் முழுக்க ஓடவேண்டாம். நான்கு நிமிடம் விறுவிறு நடை, ஒரு நிமிடம் மெல்லோட்டம், இப்படி அரைமணி நேரம். ஒவ்வொரு வாரமும் நடையில் கொஞ்சம் குறைத்து, ஓட்டத்தில் கொஞ்சம் கூட்டுங்கள். ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடியவேண்டும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். இதற்குக் கைக்கடிகாரமே தேவையில்லை.

நடையா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாக இளைஞர்கள். 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வென்றவர் நம் கோவிந்தசாமி சரவணன். இந்த வெப்பத்தில், 50 கிலோமீட்டர். அதற்குப் பிறகும் நடையை ஏளனம் செய்ய நமக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. கணக்காகவே பார்த்தாலும், ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது. நடக்கும்போது உடல் எடையைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். இதயத்துக்கு வேலை கொடுத்துக்கொண்டே எலும்புக்கு அவகாசம் தர இதைவிட எளிய வழி இல்லை.

வலி வரும். முன்னங்கால் நெடுகப் பரவலாக வலித்து, ஓய்வில் தணிந்தால், ஓட்டத்தைக் குறைத்துப் பாருங்கள். விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி எலும்பில் ஒரே இடத்தில் வலித்தாலோ, இரவில் படுத்தும் வலி விடாவிட்டாலோ ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்து உருவிவிட்டுக்கொண்டு ஓடுகிற விஷயம் அன்று அது.

நேரம் என்று பார்த்தால் நமக்கு விடியற்காலைதான். ஆனால் நம் ஊரில் சூரியன் ஏழு மணி சுமாருக்குத்தான் எட்டிப் பார்க்கும். ஆறு மணிக்குச் செம்பனைத் தோட்டத்துச் சாலை கும்மிருட்டு. குலை ஏற்றும் லாரிகளும் வேலைக்குப் பறக்கும் மோட்டார் சைக்கிள்களும் அந்த இருட்டில்தான் வரும். வெளிர்நிறச் சட்டை போடுங்கள், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலப்பக்கமாக ஓடுங்கள். குளிர்ச்சியாக இருக்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம். அந்த நேரத்தில் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டிருக்கும், சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. உழைப்புச் சூட்டைத் தாங்கும் பழக்கமும் இடைவெளியில் குறைந்திருக்கும். அது திரும்ப ஒன்றிரண்டு வாரம் கொடுங்கள். புகைமூட்ட நாளில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே ஓடவே வேண்டாம்.

கடைசியாக, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு, இருப்பது தெரியவந்தது. இங்குள்ள இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். ஆகவே முதல் ஓட்டத்துக்கு முன்பு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், எந்த நேரத்தில் ஓடலாம் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள, ஓடும்போது சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். பேரப்பிள்ளை எடுத்துவிட்டதா என்று புறப்படும்முன் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.