பதினான்கரை ஜோடி

எல்லோருக்கும் வணக்கம். பீகிள் நாய்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், சென்னை அடுக்ககங்களில் சோபாவைக் கடித்துக் குதறும் அந்தக் காதுநீண்ட பிராணிதான் உங்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். அதே நாய்தான். ஆனால் நான் பழகியது அதை முப்பது முப்பதாக ஓட விடுகிற ஊரில்.

இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயரில் ஒரு சின்ன கிராமத்தில் குடும்ப மருத்துவராக இருந்தேன். போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலம். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த ஒரு கிழவர் வாசலில் நின்று, "டாக்டர், சனிக்கிழமை என்ன செய்கிறீர்கள்? ரப்பர் பூட்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொன்னேன். அந்தப் பதில் பதினோரு வருஷம் என்னைச் சேற்றில் நடக்க வைத்தது.

குதிரை, சிவப்புக் கோட்டு, நரி என்று படங்களில் பார்த்திருப்பீர்கள். இது அதில்லை. இங்கே வேட்டைக்காரர் பச்சைக் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, நாய்களுக்குப் பின்னால் தன் காலால் ஓடுவார். துரத்துவது முயலை. இதிலும் பெரிய இடத்துப் பிள்ளைகள் உண்டு: ஈட்டன் பள்ளிக்கு 1858 முதலே சொந்த பீகிள் கூட்டம், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்காரர்களுக்கு 1862 முதல். எங்கள் கிளப் அந்த ரகமில்லை. ஆட்டுப்பண்ணைக்காரர்கள், தபால்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியை, பாதிரியார், அப்புறம் நான்.

நம் ஊர்ச் சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் முயலைக் கண்ணால் பார்த்துப் பாய்கிறவை. சில நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும். பீகிளால் அந்த வேகத்தில் ஓட முடியாது. அதற்கு மூக்குதான் எல்லாம். முயல் கண்ணுக்கு எட்டாமல் போய் வெகுநேரமான பிறகும், அது மிதித்த புல்லில் மிச்சமிருக்கும் வாசனையை அங்குலம் அங்குலமாக வாசித்துக்கொண்டு வரும். தரை காற்றைவிடக் கொஞ்சம் கதகதப்பாக இருந்தால் வாசனை நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. நடுவில் ஒரு செம்மறி மந்தை குறுக்கே போய்விட்டால் தீர்ந்தது. சட்டென்று குரைப்பு நிற்கும். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது. தும்மல் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும். இருபது பேர் காலடியில் சேறு ஊற, மூச்சைப் பிடித்து நிற்க, நாய்கள் வாலை ஆட்டியபடி வட்டம் போட்டுத் தேடும். திடீரென்று ஒன்று மட்டும் மெல்ல முனகும். மற்றவை அதை நம்பலாமா வேண்டாமா என்று யோசிக்கும். எந்த நாயின் சொல்லுக்கு மதிப்பு, எது வாய்ப்பந்தல் போடும் என்று கிழவர்களுக்கு அத்துப்படி. ஊர் மனிதர்களைப் பற்றியும் அதே தொனியில்தான் பேசுவார்கள்.

இன்னொன்று. அங்கத்து முயல் வளை தோண்டாது. திறந்த வயலில் சின்னக் குழி பறித்துப் படுத்திருக்கும். துரத்தினால் ஒரு மைல், இரண்டு மைல் என்று பெரிய வட்டமடித்துக் கிளம்பிய இடத்துக்கே வரப் பார்க்கும். இதனால் ஒரு விசித்திரம்: கூடவே ஓடுகிற வாலிபர்களைவிட, மேட்டில் ஒரே இடத்தில் நிற்கிற எழுபது வயதுக்காரருக்குத்தான் அதிகம் தெரியும். பிளாஸ்க்கில் தேநீரும் பாக்கெட்டில் கேக்குமாக அவர்கள் அந்த மேட்டிலேயே நிற்பார்கள். எந்தப் பண்ணை விலைக்கு வருகிறது, யாருக்கு மூட்டுவலி, யாருடைய மகன் ஆஸ்திரேலியா போகப் போகிறான், எல்லாச் செய்தியும் அங்கே கிடைக்கும். என் கிளினிக்கில் பத்து நிமிஷத்தில் சொல்லாததை அங்கே பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

சரி, முயல் கதி? வெறுங்கையோடு திரும்பிய நாட்கள்தான் அதிகம். ஆனால் ஒரு தடவை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முயல் கத்துவது கைக்குழந்தை கத்துவது மாதிரியே இருக்கும். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போனேன். இரண்டையும் சொல்லிவிடுகிறேன், தீர்ப்பை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

2001இல் கோமாரி நோய் வந்தது. நாடு முழுக்க அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். பிப்ரவரியில் நின்ற வேட்டை டிசம்பரில்தான் திரும்பத் தொடங்கியது. 2002 செப்டம்பரில், வேட்டைக்குத் தடை வரக்கூடாது என்று லண்டனில் கிராமத்துக்காரர்கள் நான்கு லட்சம் பேர் ஊர்வலம் போனார்கள். எங்கள் ஊரிலிருந்தும் பஸ் போயிற்று. பயனில்லை. 2005 பிப்ரவரி 18 முதல் சட்டம் அமலுக்கு வந்தது. நாய்க்கூட்டத்தை வைத்து முயலைத் துரத்துவது குற்றம். ஒரு வேடிக்கை பாருங்கள்: வளையில் வாழும் குழிமுயலை நிலத்துக்காரர் சம்மதத்தோடு துரத்தலாமாம், வயல்முயலைத்தான் கூடாதாம். தமிழில் நமக்கு இரண்டும் முயல். அங்கே ஒன்றுக்கு அனுமதி, மற்றதுக்கு அபராதம். அதற்குப் பிறகு, முன்கூட்டியே இழுத்துவைத்த வாசனைத் தடத்தில் நாய்களை ஓட விட்டார்கள். மேட்டில் நின்ற கூட்டம் குறையவில்லை. அங்கே போட்ட தேநீரும் குறையவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு ஒரு ராத்திரி. அதற்கு முன்னால் ஒரு விவரம். இந்த நாய்களை ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டார்கள். ஜோடியாகத்தான் எண்ணுவார்கள். 29 நாய் என்றால் பதினான்கரை ஜோடி. குட்டிகளை இரண்டு மாதமானதும் பண்ணை வீடுகளில் வளர்க்கக் கொடுத்துவிடுவார்கள். செருப்பையும் கொடியில் காயும் துணியையும் தின்று வளர்ந்து, பிறகு கொட்டடிக்குத் திரும்பும். நன்றாக வளர்த்தவருக்குக் கோடையில் பரிசாக ஒரு வெள்ளி டீஸ்பூன். சில வீடுகளில் அலமாரி நிறைய ஸ்பூன் இருக்கும். எடுத்துக் கலக்க மட்டும் விட மாட்டார்கள்.

2002 ஜனவரி. இருட்டுகிற நேரத்தில் வேட்டைக்காரர் எண்ணினார். பதினான்கு ஜோடி. மறுபடி எண்ணினார். பதினான்குதான். ரஸ்டிக் என்ற நாயைக் காணோம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. டார்ச் எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு திசை. ரோட்டுக்குப் போய்விட்டதோ, முள்வேலியில் மாட்டியதோ என்று பயம். நானும் எட்டுப் பேரும் ஓடைக்கரையோரம் கத்திக்கொண்டே நடந்தோம். மழை வேறு.

ஒன்பது மணிக்கு ஒரு வீட்டில் வெளிச்சம் தெரிந்தது. அந்த வீட்டம்மாவின் கணவர் கோடையில் இறந்திருந்தார். அதற்குப் பின் அவர் சர்ச்சுக்கும் வரவில்லை, கிளினிக்குக்கும் வரவில்லை. நான் இரண்டு முறை போய்க் கதவைத் தட்டியும் திறக்கவில்லை. அன்று திறந்தார். சமையலறையில், இரும்பு அடுப்புக்கு முன்னால் பழைய கம்பளத்தில் ரஸ்டிக் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் குட்டியாக அவன் வளர்ந்தது அந்த வீட்டில்தான்.

"ஏன் போன் செய்யவில்லை?" என்று வேட்டைக்காரர் கேட்டார்.

"தூங்குகிறானே. எழுந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன்" என்றார் அந்தம்மா.

நாங்கள் ஒன்பது பேர் சொட்டச் சொட்ட நின்றோம். அவர் எங்கள் பூட்ஸைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு கெட்டிலை அடுப்பில் ஏற்றிவிட்டு, அலமாரியைத் திறந்து அந்த வெள்ளி ஸ்பூன்களை எடுத்து மேஜையில் வைத்தார்.